உழைப்பு எதுவரை, அதிர்ஷ்டம் எதிலிருந்து?

2021 ஜனவரி 15. பிரிஸ்பேன் நகரின் கப்பா மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான கிரிக்கெட் தொடரின் கடைசி டெஸ்ட். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டிக்காரரான நடராஜனுக்கு அன்று டெஸ்ட் தொப்பி கிடைத்தது. இந்தியாவின் 300ஆவது டெஸ்ட் வீரர். அடுத்த எண் சென்னையின் வாஷிங்டன் சுந்தருக்கு. டெஸ்ட் ஆடுவார்கள் என்று எண்ணி இருவரையும் யாரும் ஆஸ்திரேலியாவுக்கு அழைத்துப் போகவில்லை. நடராஜன் விமானம் ஏறியது வலைப்பயிற்சியில் மற்றவர்களுக்குப் பந்து போடுவதற்காக. வருண் சக்கரவர்த்தியின் தோளில் காயம் என்றதும் டி20 அணியில் இடம் வந்தது. நவ்தீப் சைனியின் முதுகுப் பிடிப்பு ஒருநாள் அணியின் கதவைத் திறந்தது. அடிலெய்டில் முகமது ஷமியின் கை உடைந்தது, மெல்போர்னில் உமேஷ் யாதவின் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது, சிட்னியோடு பும்ராவின் வயிற்றுத் தசையும் போனது. இத்தனை பேரின் உடம்பு சேர்ந்து ஒத்துழைக்க மறுத்ததால், ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர் என்ற பெயர் அவருக்கு வந்தது.

இதைக் கேட்டுவிட்டு “அவனுக்கு நேரம் அப்படி” என்பவர்கள் பாதிக் கதையைத்தான் கேட்டிருக்கிறார்கள். நடராஜனின் தாய் சாலையோரத்தில் கோழிக்கறிக் கடை நடத்தியவர். இருபது வயதுவரை டென்னிஸ் பந்தில்தான் ஆட்டம். 2015இல் ரஞ்சியில் அறிமுகமானபோதே பந்துவீச்சு முறை சந்தேகத்துக்குரியது என்று புகார் எழுந்தது. பலருக்கு அதோடு கதை முடிந்திருக்கும். அவர் கைவீச்சை அடியிலிருந்து மாற்றிக்கொண்டு திரும்பி வந்தார். 2017 ஐபிஎல் ஏலத்தில் பஞ்சாப் அணி 3 கோடி கொடுத்து எடுத்தது. பிறகு ஹைதராபாத் அணிக்குப் போய் இரண்டு பருவங்கள் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் வெளியே உட்கார்ந்திருந்தார். 2020இல் புவனேஷ்வர் குமார் காயப்பட்டு விலகியபோது, யார்க்கரை நினைத்த இடத்தில் இறக்கத் தெரிந்த ஒருவர் தயாராக இருந்தார். ஏபி டிவில்லியர்ஸ் அதில் ஒன்றுக்கு ஸ்டம்பைப் பறிகொடுத்தார்.

கதை அங்கேயும் நிற்கவில்லை. 2021இல் முழங்கால் அறுவை சிகிச்சை. இந்தியாவுக்காக அவர் ஆடியது 1 டெஸ்ட், 2 ஒருநாள், 4 டி20. மற்றவர்களின் காயம் உள்ளே கொண்டுவந்தது. தன் காயம் வெளியே கொண்டுபோனது. யார்க்கர் மட்டும் நடுவில் மாறாமல் இருந்தது.

வேலையில் முன்னுக்கு வருவது உழைப்பாலா, அதிர்ஷ்டத்தாலா என்று நம் ஊரில் நடக்காத பட்டிமன்றம் இல்லை. நடுவர் கடைசியில் எழுந்து, இரண்டும் வேண்டும் என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு கிளம்புவார். அந்தத் தீர்ப்பில் பிழை கிடையாது, பயனும் கிடையாது. எந்த இடத்தில் எது, எவ்வளவு என்று சொன்னால்தான் அது தீர்ப்பு. கடந்த ஐம்பது ஆண்டுகளில் பொருளியலாளர்களும் சமூகவியலாளர்களும் உளவியலாளர்களும் இந்தக் கேள்வியைத் துண்டு துண்டாக அளந்து பார்த்திருக்கிறார்கள். அவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தெரிவது இது: போட்டியில் நிற்கும் தகுதியை உழைப்புதான் தருகிறது. தகுதி பெற்றவர்களின் எண்ணிக்கை இருக்கும் இடங்களைவிட எவ்வளவு கூடுகிறதோ, அவ்வளவுக்கு முடிவு அதிர்ஷ்டத்தின் கைக்குப் போகிறது. ஆகவே எல்லா வேலைக்கும் பொதுவான ஒரே விடையைத் தேடுவது வீண்.

முதலில் உழைப்பின் அணி. 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 தொடக்கத்தில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என்.சுப்ரமணியன் அதை 90 ஆக்கினார். நேரத்தைக் கூட்டினால் வெற்றி கூடும் என்பது இந்த வாதத்தின் அடிப்படை. அது உண்மையானால், விடியலில் எழுந்து பூக்கட்டி விற்றுவிட்டு, பகலில் நான்கு வீடுகளில் பாத்திரம் கழுவி, இரவில் தன் வீட்டுக்கும் சமைக்கும் பெண் இந்நேரம் எங்கேயோ இருந்திருக்க வேண்டும். மூர்த்திக்கே இது தெரியாததல்ல. 2007இல் நியூயார்க் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் தன் வாழ்க்கையைப் பற்றிப் பேசியபோது, கான்பூர் ஐஐடியில் படித்த காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை உணவின்போது அமெரிக்காவிலிருந்து வந்திருந்த கணினி அறிஞர் ஒருவரைத் தற்செயலாகச் சந்தித்ததே தன்னைக் கணினித் துறைக்குத் திருப்பியது என்று அவரே விவரித்தார். 1981இல் 10,000 ரூபாயோடு தொடங்கிய நிறுவனம் 1991இன் பொருளாதாரச் சீர்திருத்தத்துக்குப் பிறகுதான் வேகம் பிடித்தது. 1993இல் பங்குகளை வெளியிட்டபோது வாங்க ஆளில்லாமல் போனது. மார்கன் ஸ்டான்லி உள்ளே வந்து மீதியை எடுத்துக்கொண்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை மேசை எந்தக் கால அட்டவணையிலும் இல்லாதது.

உழைப்புக்கு அறிவியல் சான்று கேட்டால் எல்லோரும் காட்டுவது ஆண்டர்ஸ் எரிக்சனின் ஆய்வை. பெர்லினில் வயலின் கற்றவர்களைப் பார்த்து 1993இல் அவரும் சக ஆய்வாளர்களும் எழுதியது, திட்டமிட்ட பயிற்சியே சிறந்தவர்களைப் பிரிக்கிறது என்று. மால்கம் கிளாட்வெல் 2008இல் அதைப் பத்தாயிரம் மணி நேரம் என்ற வட்டமான எண்ணாக்கிவிட்டார். எரிக்சனுக்கே அந்தச் சுருக்கம் பிடிக்கவில்லை. 2014இல் புரூக் மக்னமாராவும் வேறு இருவரும் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்துக் கணக்கிட்டார்கள். ஆளுக்கு ஆள் உள்ள திறன் வேறுபாட்டில் பயிற்சியால் விளக்க முடிந்தது சதுரங்கம் போன்ற விளையாட்டுகளில் 26 சதவீதம், இசையில் 21, உடல் விளையாட்டில் 18, கல்வியில் 4. தொழில் உலகில் ஒரு சதவீதத்துக்கும் கீழே.

இந்தக் கடைசி எண்ணைப் பிடித்துக்கொண்டு உழைப்பு வீண் என்று குதிப்பவர்கள் அவசரப்படுகிறார்கள். சதுரங்கத்தில் விதி மாறாது, காய் மாறாது, பயிற்சி எது என்பதிலும் குழப்பமில்லை. ஒரு வங்கி மேலாளருக்குப் பயிற்சி என்பது எது? அதை எப்படி மணிக்கணக்கில் அளப்பது? அளவுகோல் பிடிக்காத இடத்தில் எண் சிறுத்துத்தான் தெரியும். ஆனாலும் ஒன்று தெளிவு: விதிகள் நிலையாக உள்ள துறையில் உழைப்பின் கை ஓங்குகிறது, விதிகள் நழுவ நழுவ அதன் பிடி தளர்கிறது. பாரிக், மவுன்ட் இருவரும் 1991இல் வெளியிட்ட தொகுப்பாய்வும் இதே பக்கம்தான் சாய்கிறது. மனிதக் குணங்களில் ஏறக்குறைய எல்லா வேலைகளிலும் பலன் தருவது எது என்று தேடியவர்களுக்குக் கிடைத்தது பொறுப்புணர்ச்சி: சொன்ன வேலையைச் சொன்ன நேரத்தில் முடிப்பது. பலன் உண்டு, எங்கும் உண்டு, ஆனால் மிதமாக. அண்மைக் காலத்தில் விடாமுயற்சிக்குப் புதுப் பெயர் சூட்டிப் பெரிதாக விற்ற புத்தகங்கள் சொல்வதும் பெரும்பாலும் இந்தப் பழைய குணத்தைத்தான்.

இனி அடுத்த அணி. கார்னெல் பல்கலைக்கழகப் பொருளியலாளர் ராபர்ட் ஃபிராங்க் 2007இல் டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்தபோது இதயம் நின்று விழுந்தார். ஆம்புலன்ஸ் வெகு தூரத்திலிருந்து வர வேண்டிய இடம். அன்று அருகிலேயே நடந்த இரண்டு சாலை விபத்துகளுக்காக வண்டிகள் ஏற்கெனவே வந்திருந்தன; ஒன்று உடனே திரும்பி வந்தது. பிழைத்தவர் அதிர்ஷ்டத்தைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். 2016இல் வந்த அந்த நூலில் ஒரு கணினிச் சோதனை இருக்கிறது. ஒரு லட்சம் போட்டியாளர்கள். முடிவைத் தீர்மானிப்பதில் 98 சதவீதம் திறமையும் உழைப்பும், வெறும் 2 சதவீதம் அதிர்ஷ்டம். திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்ததில் சுமார் 78 சதவீதப் போட்டிகளில் வென்றவர், திறமையிலும் உழைப்பிலும் முதலிடத்தில் இருந்தவர் அல்ல. காரணம் எளிது. லட்சம் பேரில் உச்சியில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் திறமைசாலிகளே பல நூறு பேர். அவர்களுக்குள் ஒரு மயிரிழை வித்தியாசத்தைத் தருவது அந்த 2 சதவீதம்தான்.

இது ஏதோ அமெரிக்கக் கணினி விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். நம் வீட்டுப் பிள்ளைகள் எழுதும் டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். 2024இல் முதல் அறிவிப்பில் 6,244 இடங்கள்; விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். 200 கேள்விகள், 300 மதிப்பெண், ஒரு கேள்விக்கு ஒன்றரை. இந்தக் கூட்டத்தில் புத்தகத்தையே திறக்காமல் வந்தவர்கள் ஏராளம். அவர்களை உழைப்பு முதல் சுற்றிலேயே கழித்துவிடும். பயிற்சி மையத்துக்கும் நூலகத்துக்கும் நடந்து, ஆறாம் வகுப்பிலிருந்து பாடப் புத்தகங்களை வரி வரியாகக் கரைத்துக் குடித்தவர்களும் இடங்களைவிடப் பல மடங்கு. அவர்கள் வெட்டு மதிப்பெண்ணைச் சுற்றி ஒரே எண்ணில் கும்பலாக நிற்கிறார்கள். அங்கே ஒரு கேள்வி, ஒரு குருட்டு விடை, தேர்வு நாளன்று அடித்த காய்ச்சல், இவைதான் அலுவலகத்துக்குள் போவோரையும் அடுத்த அறிவிப்புக்குக் காத்திருப்போரையும் பிரிக்கின்றன. இப்படிப் பிரிந்த இருவரின் படிப்பில் வித்தியாசம் இருப்பதாக நான் நம்பவில்லை.

எந்த ஆண்டு தேர்வு வருகிறது என்பதும் ஒரு சீட்டுதான். முதல் அறிவிப்பின்படி 2022இல் 7,301 இடங்கள், 2024இல் 6,244, 2025இல் 3,935. அதற்கு முன்பு 2019 தேர்வுக்கும் 2022 தேர்வுக்கும் இடையில் பெருந்தொற்று வந்து முழுதாக இரண்டு ஆண்டுகளை விழுங்கிவிட்டது. வயது வரம்பின் விளிம்பில் இருந்தவர்களுக்காக அரசு 2021இல் வரம்பை இரண்டு ஆண்டு உயர்த்தியது. இல்லாவிட்டால் அவர்களின் உழைப்புக்கு எழுதிப் பார்க்கத் தேர்வே இருந்திருக்காது.

காலத்தின் கையைப் பற்றிப் பொருளியலில் நல்ல ஆய்வுகள் உண்டு. அமெரிக்காவில் 1979 முதல் 1989 வரை கல்லூரி முடித்தவர்களைப் பின்தொடர்ந்த லிசா கான், பட்டம் பெறும் ஆண்டில் வேலையின்மை ஒரு புள்ளி கூடினால் தொடக்கச் சம்பளம் 6 முதல் 7 சதவீதம் குறைவதையும், அந்தக் குறை பல ஆண்டுகள் தொடர்வதையும் கண்டார். கனடாவில் நடந்த ஆய்வில் பள்ளம் நிரம்பப் பத்து ஆண்டுகள் பிடித்தன. நமக்கு இதைப் புரிந்துகொள்ள ஆய்வு தேவையில்லை. 1984 வாக்கில் தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கிடைத்தது. தொண்ணூறுகளின் கடைசியில் படித்து முடித்தவர்களுக்கு 2000ஆம் ஆண்டுக் கணினிக் கோளாறைச் சரிசெய்யும் வேலைகள் காத்திருந்தன. என்ன துறை படித்திருந்தாலும் கோபோல் என்ற கணினி மொழியில் மூன்று மாதப் பயிற்சி, அதற்குப் பிறகு விமானம். அதே கல்லூரியில், அதே விடுதி அறையில், மூன்று ஆண்டு கழித்துப் படித்து முடித்தவர் கையில் வேலைக்கான கடிதம் இருந்தது. சேரும் தேதி மட்டும் வரவில்லை. டாட்காம் குமிழி உடைந்திருந்தது. 2008க்குப் பிறகும் இதே கதை இன்னொரு தடவை. தொண்ணூறுகளின் கடைசியில் முடித்தவர் இன்று துணைத் தலைவராக இருந்துகொண்டு தன் விடாமுயற்சியைப் பற்றிப் பேசும்போது அருகில் யாராவது அவர் பட்டம் வாங்கிய ஆண்டைக் கேட்டால் நன்றாக இருக்கும்.

இத்தாலியின் கட்டானியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூவர் 2018இல் வெளியிட்ட கட்டுரை உலகம் முழுக்கப் பேசப்பட்டது. கற்பனையான ஆயிரம் பேர், நாற்பது ஆண்டு உழைப்புக் காலம், அவ்வப்போது நல்லதும் கெட்டதுமான தற்செயல்கள். நல்லது நடந்து, அதைப் பிடித்துக்கொள்ளும் திறமையும் இருந்தால் சொத்து இரட்டிப்பாகும். கெட்டது நடந்தால் பாதியாகும். கடைசியில் பெரும் பணக்காரரானவரின் திறமை சராசரியை ஒட்டியே இருந்தது. நகைச்சுவையான ஆய்வுகளுக்கு வழங்கப்படும் இக் நோபல் பரிசு 2022இல் அவர்களைத் தேடி வந்தது. எனக்கு இந்த ஆய்வில் பாதி நம்பிக்கைதான். ஒரே அடியில் இரட்டிப்பு, ஒரே அடியில் பாதி என்று விதியை எழுதி வைத்துவிட்டால் விடை அதற்குள்ளேயே ஒளிந்திருக்கும். நிஜ வாழ்வில் திறமைசாலி ஒரு வாய்ப்புக்கும் அடுத்த வாய்ப்புக்கும் நடுவில் கற்றுக்கொள்கிறார். அந்தக் கற்பனை மனிதர்களுக்கு அது தெரியாது.

இதைவிட உறுதியான சான்று 2006இல் சால்கனிக், டாட்ஸ், வாட்ஸ் மூவரும் இசையை வைத்துச் செய்த சோதனை. பெயர் தெரியாத குழுக்களின் 48 பாடல்கள், 14,341 கேட்பாளர்கள். ஒரு பிரிவினர் மற்றவர்களின் விருப்பம் தெரியாமல் கேட்டார்கள். மற்றவர்கள் எட்டுத் தனித்தனி உலகங்களாகப் பிரிக்கப்பட்டு, தங்கள் உலகில் எது எத்தனை முறை பதிவிறக்கப்பட்டது என்று பார்த்துக்கொண்டே தேர்ந்தெடுத்தார்கள். தரத்தில் 26ஆம் இடம் பெற்ற ஒரு பாடல் ஓர் உலகில் முதலிடம் பிடித்தது, இன்னோர் உலகில் 40ஆம் இடத்துக்குப் போனது. மிகச் சிறந்தவை அடிமட்டத்துக்குப் போவதும் மிக மோசமானவை உச்சிக்கு வருவதும் அரிதாகவே நடந்தது. நடுவில் இருந்தவை எங்கும் போகலாம், எப்படியும் ஆகலாம். நம்மில் பெரும்பாலோர் இருப்பது அந்த நடுப்பகுதியில்தான் என்பதை ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் மனம் வேண்டும்.

இதுவரை சொன்னது எல்லாம் போட்டிக்குள் நுழைந்த பிறகு நடப்பது. நுழைவதற்கு முன்பே பாதி முடிந்துவிடுகிறது. உலக அளவில் ஒருவரின் வருமானம் எந்த அளவில் இருக்கும் என்பதில் பாதிக்கும் மேல், அவர் எந்த நாட்டில் வாழ்கிறார் என்பதாலேயே விளங்கிவிடுகிறது என்பது பொருளியலாளர் பிராங்கோ மிலானோவிச்சின் கணக்கு. தருமபுரியில் பிறந்த தச்சரும் டென்மார்க்கில் பிறந்த தச்சரும் ஒரே நேர்த்தியில் நாற்காலி செய்தாலும் கூலி ஒன்றாகாது. நாட்டுக்குள்ளேயும் அப்படித்தான். சுகதேவ் தோரட்டும் பால் அட்வெலும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், இந்தியத் தனியார் நிறுவனங்களின் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் அனுப்பினார்கள். உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்கு, முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. படிப்பு ஒன்று, அனுபவம் ஒன்று, தாள்கூட ஒன்று. பெயரை வைத்தவர் தாத்தாவோ பாட்டியோ. ஆனால் இதை அதிர்ஷ்டம் என்று சொல்வதுகூட ஒரு வகையில் தப்பிக்கும் வழி. உறையைப் பிரித்துப் பெயரைப் பார்த்து ஒதுக்கி வைத்தவர்கள் மனிதர்கள், கிரகங்கள் அல்ல.

உழைக்கும் குணமாவது நம் சொத்தா என்று கேட்டால் அதுவும் சிக்கலான கேள்வி. இனிப்பை உடனே தின்னாமல் காத்திருக்கும் குழந்தை பிற்காலத்தில் முன்னுக்கு வரும் என்ற வால்டர் மிஷலின் புகழ்பெற்ற சோதனையை 2018இல் சுமார் 900 குழந்தைகளை வைத்து மறுபடி பார்த்தார்கள். தொடர்பு பாதியாகக் குறைந்தது. குடும்பச் சூழல் போன்றவற்றையும் கணக்கில் சேர்த்தபோது அதிலும் மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. நாளைக்கும் வீட்டில் இனிப்பு இருக்கும் என்று தெரிந்த பிள்ளைதான் இன்றைக்குப் பொறுமையாக இருக்கும்.

பிறகு மனிதர்கள். நமக்கு வேலை வாங்கித் தருவது நெருங்கிய சொந்தம் என்று நினைக்கிறோம். மார்க் கிரனோவெட்டர் அமெரிக்காவின் நியூட்டன் நகரில் விசாரித்து 1970களில் வெளியிட்ட ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டோர் தெரிந்தவர் மூலமாகவே வேலைக்குப் போயிருந்தார்கள். அந்தத் தெரிந்தவர் பெரும்பாலும் எப்போதாவது பார்த்துக்கொள்ளும் அரைகுறைப் பழக்கம். நெருங்கியவருக்கு நமக்குத் தெரிந்ததே தெரியும்; தூரத்துப் பழக்கம்தான் புதுச் செய்தி கொண்டுவரும். இரண்டு கோடிப் பேரை வைத்து லிங்க்ட்இன் தளத்தில் நடந்து 2022இல் வெளியான ஆய்வும் இதைப் பெரும்பாலும் உறுதி செய்தது.

கணித மேதை ராமானுஜனின் கதையை இந்தக் கோணத்தில் வாசித்தால் மேதையைவிட இடையில் வந்த மனிதர்கள் அதிகம் கண்ணில் படுகிறார்கள். கும்பகோணத்தில் கல்லூரி உதவித்தொகையை இழந்தவர், சென்னையில் எஃப்.ஏ. தேர்வில் தோற்றவர், நோட்டுப் புத்தகத்தோடு வேலை கேட்டுத் திருக்கோவிலூர் துணை ஆட்சியரைப் பார்க்கப் போனார். அந்தப் பதவியில் எவர் வேண்டுமானாலும் இருந்திருக்கலாம். இருந்தவர் இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவிய வி.ராமஸ்வாமி ஐயர். அவர் வழியாக நெல்லூர் ஆட்சியர் ராமச்சந்திர ராவ். மாதம் 25 ரூபாய் உதவி. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் எழுத்தர் வேலை. அங்கே மேலதிகாரி நாராயண ஐயரும் கணிதம் தெரிந்தவர். கேம்பிரிட்ஜுக்கு அனுப்பிய கடிதங்களை இரண்டு பேராசிரியர்கள் பொருட்படுத்தவில்லை. 1913 ஜனவரியில் அங்கிருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதினார். ஹார்டிக்கும் முதலில் சந்தேகம்தான். சக கணித அறிஞர் லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து பார்த்த பிறகே தெளிந்தார். 1918இல் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1920இல் 32 வயதில் மரணம். சிலேட்டில் எழுதி எழுதி முழங்கையால் அழித்த அந்த உழைப்பு இல்லாவிட்டால் ஹார்டி பார்க்க எதுவும் இருந்திருக்காது. இரண்டு மறுப்போடு அவர் நிறுத்தியிருந்தாலும் நமக்கு எதுவும் தெரிந்திருக்காது.

நிறுத்தாமல் இருப்பதில்தான் உழைப்பும் அதிர்ஷ்டமும் கைகோக்கின்றன என்று நினைக்கிறேன். ராபர்ட்டா சினாட்ராவும் குழுவினரும் ஆயிரக்கணக்கான அறிவியலாளர்களின் வெளியீடுகளை ஆராய்ந்து 2016இல் ஒன்று சொன்னார்கள்: ஒருவரின் மிகச் சிறந்த கட்டுரை அவருடைய வரிசையில் எந்த இடத்திலும் வரலாம். முதலாவதாக இருக்கலாம், கடைசியாகவும் இருக்கலாம். இளமையில் நிறைய வருவதற்குக் காரணம் இளமையில் நிறைய எழுதுவதே. எந்த வலையில் பெரிய மீன் விழும் என்பது வீசுபவர் கையில் இல்லை. எத்தனை முறை வீசுவது என்பது ஓரளவு அவர் கையில் இருக்கிறது. நெதர்லாந்தில் இளம் ஆய்வாளர்களுக்கான நிதியை ஆராய்ந்தவர்கள் இதன் மறுபக்கத்தைக் காட்டினார்கள். வெட்டு மதிப்பெண்ணுக்குச் சற்று மேலே இருந்தவர்கள் அடுத்த எட்டு ஆண்டுகளில், சற்றுக் கீழே நின்றுவிட்டவர்களைவிட இரு மடங்குக்கும் அதிக நிதி பெற்றார்கள். திறமையில் வித்தியாசமில்லை. முதல் வெற்றி அடுத்த வெற்றியை இழுத்துவந்தது ஒரு காரணம். தோற்றவர்களில் பலர் அடுத்த முறை விண்ணப்பிக்கவே இல்லை என்பது இன்னொரு காரணம்.

ஆனால் திரும்பத் திரும்ப முயல்வதற்கும் காசு வேண்டும். அப்பாவின் சம்பளத்தில் ஐந்து முறை எழுதுபவரும், ஜவுளிக்கடையில் நின்றுகொண்டே ஒரே முறை எழுதிப் பார்ப்பவரும் ஒரே போட்டியில் இருப்பதாகச் சொல்வது கண்துடைப்பு.

வென்றவர்களுக்கு இது ஏன் தெரிவதில்லை? உளவியலாளர் பால் பிஃப் இருவரை மோனோபோலி ஆட வைத்தார். நாணயம் சுண்டி ஒருவருக்கு இரட்டிப்புப் பணம், இரட்டைப் பகடை. அவர் ஜெயிப்பார் என்பது தொடங்கும்போதே தெரியும். ஆட்டம் முடிந்த பிறகு ஏன் ஜெயித்தீர்கள் என்று கேட்டபோது, நாணயத்தைப் பற்றிப் பேசாமல், தான் எந்த இடத்தை எப்போது வாங்கினேன் என்று விளக்கத் தொடங்கினார். எதிர்க்காற்று முகத்தில் அடிக்கும். பின்னாலிருந்து தள்ளும் காற்று உறைக்காது. டேவிடாய், கிலோவிச் இருவரும் 2016இல் வெளியிட்ட ஆய்வு இந்த மறதியைப் பல துறைகளில் காட்டியது. இதில் ஒரு முரண் உண்டு. எல்லாம் தன் கையில் என்று நம்புபவர்தான் விடிகாலையில் எழுந்து படிக்கிறார். அந்த நம்பிக்கை முயலும்போது மருந்து. முடிவு வந்த பிறகும் அதையே பிடித்துக்கொண்டிருந்தால், தோற்றவரைச் சோம்பேறி என்று சொல்லும் நஞ்சாகிவிடுகிறது. திருக்குறளில் ஊழுக்கு ஓர் அதிகாரமும் ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரமும் தனித்தனியாக இருப்பதை முரண்பாடு என்று சிலர் சொல்வார்கள்; எனக்கு அது கள நிலவரமாகவே படுகிறது.

எந்த அதிர்ஷ்டத்தை மாற்ற முடியும் என்பதுதான் இனிக் கேட்க வேண்டியது. பிறந்த வீட்டை மாற்ற முடியாது. பிறந்த வீட்டால் வரும் விளைவை மாற்றலாம் என்பதைக் காமராசர் காலத்து மதிய உணவிலிருந்து 2022இன் காலை உணவுத் திட்டம்வரை தமிழ்நாடு காட்டியிருக்கிறது. 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் தந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீடும் அதே வழிதான். அமெரிக்காவில் வறுமைப் பகுதியிலிருந்து நல்ல பகுதிக்கு 13 வயதுக்கு முன்பே குடிமாறிய பிள்ளைகள் இருபதுகளின் நடுவில் சுமார் 31 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள் என்று ராஜ் செட்டி குழுவினர் கண்டது இந்தத் திட்டங்களுக்கெல்லாம் பொதுவான ஆதரவுச் சான்று. தேர்வாணையம் ஆண்டு அட்டவணையை அறிவித்த தேதிகளில் நடத்திக் காட்டுவதும், முடிவை மாதக்கணக்கில் இழுக்காமல் வெளியிடுவதும் செலவில்லாத சீர்திருத்தங்கள். 2022 ஜூலையில் நடந்த குரூப் 4 தேர்வின் முடிவு 2023 மார்ச்சில்தான் வந்தது. எட்டு மாதம் ஒருவரை அடுத்த தேர்வுக்கும் படிக்க விடாமல், வேறு வேலைக்கும் போக விடாமல் வைத்திருப்பது விதியின் வேலையல்ல, நிர்வாகத்தின் வேலை. தனியார் நிறுவனங்கள் முதல் சுற்றில் விண்ணப்பதாரரின் பெயரை மறைத்து வைத்துப் பார்ப்பதற்கும் பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் தேவையில்லை.

படிக்கிற பிள்ளைகளுக்குச் சொல்ல இருப்பது நடைமுறையானது. ஒரே தேர்வில் எல்லாவற்றையும் கட்டாதீர்கள். எத்தனை முறை, எந்த வயதுவரை என்று முன்கூட்டியே எல்லை வைத்துக்கொண்டு, பக்கத்தில் இன்னொரு வழியையும் திறந்து வையுங்கள். ஜெயித்து, பழைய பள்ளியின் ஆண்டு விழா மேடைக்குச் சிறப்பு விருந்தினராகப் போகிறவர்கள், விண்ணப்பக் கட்டணம் கட்டிய ஆசிரியரையும், நகையை அடகு வைத்த அம்மாவையும், அந்த ஆண்டு அறிவிக்கப்பட்ட இடங்களின் எண்ணிக்கையையும் சேர்த்தே சொல்லுங்கள். உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கிடைத்துவிட்டதே, உனக்கு ஏன் கிடைக்கவில்லை என்று கேட்பதற்கு முன்னால், அவன் எழுதிய ஆண்டில் எத்தனை இடம், இவன் எழுதிய ஆண்டில் எத்தனை இடம் என்று விசாரித்துக்கொண்டு வாருங்கள்.